காப்பும் வளையும்: மதுரை வட்டாரத்துச் சூற்சடங்கும் குழவிச் சீரும்

மதுரை நகரத்திலும் அதனைச் சூழ்ந்த வையைச் சமவெளி ஊர்களிலும், தலைச்சூல் கொண்ட மகளுக்கு ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஒற்றைப்படைத் திங்கள் ஒன்றில் பிறந்த வீட்டார் நிகழ்த்தும் மங்கலவினை வளைகாப்பு எனப் பெயர் பெறும். கண்ணாடி வளைகளை இரு கையிலும் நிறைய அடுக்குதலும், சந்தனமும் குங்குமமும் பூசுதலும், பலவகைச் சோறு சமைத்து இடுதலும் இதன் உறுப்புக்கள். பிள்ளை பிறந்தபின் தாய்மாமன் வீட்டிலிருந்து வரும் சீரில் தொட்டில், அரைஞாண், தண்டை, கிலுகிலுப்பை முதலியன இடம்பெறும். இவ்வழக்கங்களைப் பற்றி எழுதுவோர் பலர், சங்க காலந்தொட்டு வருபவை இவை என ஒரு தொடரிற் கூறி அமைகின்றனர். முதுகலை மாணவர் எழுதித் தரும் கட்டுரைகளில் அத்தொடரை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன். சான்று யாது என வினவின் விடை வருவதில்லை. அச்சான்றைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. அத்தொடர் முழுதும் மெய்யுமன்று, முழுதும் பொய்யுமன்று. வளைகாப்பு என்னும் பெயரில் இரு பொருள்கள் இணைந்து நிற்கின்றன. அவற்றுள் காப்புக்கு வயது மிகுதி. இச்சடங்கில் வளைக்கு வயது குறைவு. இதனை நிறுவ முயல்வேன்.

மதுரையைப் பற்றிய ஆய்வாதலின் மதுரைக்காஞ்சியினின்று தொடங்குதல் பொருந்தும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டு மாங்குடி மருதனார் பாடிய அப்பாட்டு, நகரின் பகலையும் இரவையும் நிரல்படக் காட்டுகின்றது. இரவுப் பகுதியில் மகளிரைப் பற்றிய இரு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, பிள்ளை பெற்றுப் புனிறு தீர்ந்த வளமனை மகளிர் சுற்றத்தார் சூழக் குளத்து நீராடுதல். மற்றொன்று, கடுஞ்சூல் மகளிரின் வழிபாடு. யாழும் முழவும் ஆகுளியும் ஒலிப்ப, விளக்கு முன்செல்ல, மடைப்பொருளுடன் மெல்ல நடந்து சென்று அவர்கள் கைதொழ, சாலினி என்னும் தேவராட்டி மடையைப் படைக்கின்றாள். கடுஞ்சூல் என்பதற்கு முதற்சூல் எனப் பொருள் கொள்வர். ஆகவே, தலைச்சூல் கொண்ட பெண்ணை முன்னிட்டு இசையோடும் விளக்கோடும் உணவோடும் மதுரையில் ஒரு சடங்கு நிகழ்ந்தது என்பதற்கு ஐயமில்லாச் சான்று உளது.

ஆயின் அப்பகுதியில் வளை இல்லை. இதனைச் சிறு குறையெனத் தள்ளிவிடுதல் ஆகாது. வளை செய்வாரை மாங்குடி மருதனார் அறியாதவரல்லர். அதே பாட்டில் மதுரைத் தெருவிலே சங்கினை அறுத்துக் கடைவாரையும், மணிக்குத் துளையிடுவாரையும், பொன்னைச் சுட்டு அணி செய்வாரையும் அவர் வரிசைப்படுத்துகின்றார். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் 2014-15ஆம் ஆண்டுமுதல் நடைபெற்ற அகழாய்வுகளிலும் சங்கு வளைத் துண்டுகளும், கண்ணாடி மணிகளும், பொன்னணிகளும், ஆட்டக்காய், வட்டச்சில்லு, பகடை போன்ற விளையாட்டுப் பொருள்களும் கிடைத்துள்ளன. வளை இருந்தது, வளைத்தொழிலும் இருந்தது, சூற்சடங்கும் இருந்தது. இவை ஒன்றோடொன்று இணைந்தமைக்குத்தான் சான்று இல்லை.

இணையாமைக்குக் காரணமும் ஒருவாறு ஊகிக்கலாம். சங்க அகப்பாடல்களில் வளை என்பது தலைவனோடு தொடர்புற்ற பொருள். பிரிவில் நெகிழும், கூட்டத்திற் செறியும். அது கணவனைச் சுட்டிற்றேயன்றிக் கருவைச் சுட்டவில்லை. குறுந்தொகை 61ஆம் பாட்டில் சிறார் விளையாட்டுப் பொருளும் வளையும் ஒருங்கே வருகின்றன. தச்சன் செய்த சிறிய வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும் கையால் இழுத்தே சிறுவர் மகிழ்வர். அதுபோலத் தலைவனுடன் கூடி இன்புறாவிடினும் அவன் நட்பை நினைந்தே மகிழ்ந்தோம், எம் வளைகள் செறிந்தன என்று தோழி கூறுகின்றாள். பிள்ளையின் பொருளும் மனைவியின் பொருளும் இத்துணை அணுக்கமாக நின்றும், வளை கணவன் பக்கமே சாய்ந்து கிடக்கின்றது.

இனிக் காப்பினைக் காண்போம். மதுரைக்காஞ்சித் தலைவனாகிய அதே நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் பாட்டு இங்குப் பெரிதும் பயன்படுகின்றது. இளையனாய் அரியணை ஏறிப் போர்க்களம் புகுந்த அவ்வரசன், காலிற் கிடந்த கிண்கிணியைக் கழற்றிக் கழல் அணிந்தான். வேம்பும் உழிஞையும் சூடினான். வில்லேந்தித் தேரில் நின்றான். ஆயின் மார்பிற் கிடந்த தாலியை இன்னும் களையவில்லை. பாலுணவு நீங்கி இன்றுதான் சோறு உண்டான் என்று புலவர் வியக்கின்றார். தாலி என்றது ஐம்படைத்தாலியை. சங்கு, ஆழி, தண்டு, வாள், வில் எனத் திருமாலின் ஐந்து படைகளைச் சிற்றுருவிற் செய்து கோத்துப் பிள்ளையின் மார்பில் அணிவிப்பது அது. அகநானூறு 54ஆம் பாட்டில் தாய் ஒருத்தி, பொன்தாலி பூண்ட தன் மகனோடு விளையாட வருமாறு பிறையை அழைத்துப் பால் தருவதாக ஆசை காட்டுகின்றாள். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் மழலை பேசும் பிள்ளைகளின் வாய்நீர் ஒழுகி ஐம்படையை நனைக்கின்றது.

இம்மூன்று இடங்களிலும் புலவர் கண்ணிற் படுவது அணியின் அழகுமட்டும் அன்று. தாலிக்கு ஒரு காலவரை உண்டு. அது களையப்படும் என்பதே புறநானூற்றுப் பாட்டின் உயிர். களையாமலே அவன் போருக்கு வந்தமைதான் வியப்பு. வெறும் அணியாயின் களைவதற்கு ஒரு பருவம் குறிக்க வேண்டியதில்லை. பிள்ளைப்பருவத்து ஊறு நீங்கியபின் காப்பும் நீங்குகின்றது. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வழங்கும் புறநானூற்று 74ஆம் பாட்டு, பிறந்து இறந்த குழவியையும் ஊன்பிண்டமாய்ப் பிறந்ததனையும் மறக்குடியார் வாளால் வெட்டிப் புதைக்கும் வழக்கத்தை எடுத்தோதுகின்றது. அதற்கெனத் தனிமுறை ஒன்று வகுக்குமளவு அவ்விழப்புப் பழகியதாய் இருந்தது. அத்தகைய உலகில் பிள்ளைக்கு அளிக்கும் எப்பொருளும் முதற்கண் காவலாய் இருத்தல் இயல்பே.

கலித்தொகை 85ஆம் பாட்டு இதனை மேலும் தெளிவுறுத்தும். புதல்வன் ஒருவனின் அணிகளை அது காலிலிருந்து தொடங்கி நிரலே கூறுகின்றது. அவன் மார்பிற் கிடப்பன எறிதற்கு உதவாத வாளும், வெட்டுதற்கு உதவாத மழுவும், மழைக்குப்பின் புலத்தில் ஊரும் மூதாய்ப் பூச்சி போன்ற செந்நிறப் பவளத்தால் அமைந்த ஆனேறும். ஐம்படையுள் மழுவும் ஏறும் இல்லை. ஆகவே, சிற்றுருப் படைகளைப் பிள்ளைக்குக் கட்டும் வழக்கம் திருமாலின் ஐந்து படைகளோடு மட்டும் நின்றதன்று என்பது என் கருத்து. வழக்கம் முன்னது; சமயம் அதற்குப் பெயரும் எண்ணும் தந்தது போலும்.

செய்யும் தொழிலை மறுத்து உரைக்கும் இந்த முறை விளையாட்டுப் பொருளிலும் காணப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் சிறுதேர் ஏறிச் செலுத்தப்படாத தேர். பட்டினப்பாலை காட்டும் முக்காற் சிறுதேர் குதிரையின்றி ஓடும் தேர். புகாரில் நெல் காக்கும் மகளிர் கோழியை எறிந்த பொற்குழை அச்சிறுதேரின் சக்கரத்தைத் தடுக்கின்றது எனப் பாடிய உருத்திரங்கண்ணனார் செல்வச் செழிப்பைக் காட்ட விழைந்தார். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வேறொரு குறிப்பு உள்ளது. அச்சிறுதேர், தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி புனையப்பட்டதாம். இவ்வடையை உரையாசிரியர் வழிநின்று வேலைப்பாட்டின் சிறப்பாகக் கொள்ளுதல் மரபு, அது பிழையன்று. ஆயினும் அவ்வடை வேறொன்றையும் அறிவிக்கின்றது. நாடோறும் தேர் செய்யக் காணும் பிள்ளைக்கே விருப்பம் எழும்படி ஒரு தேர் செய்யப்படுகின்றது. அது வேறு வீட்டிற்குச் செல்கின்றது. செவிலியர் பால் ஊட்டும் வீடு அது. சீர் கொடுத்தாரும் கொண்டாரும் நம் இலக்கியத்தில் நிறைய உளர். செய்தாரும் செய்தாரின் மக்களும் தலைகாட்டும் இடம் மிகச் சில. இஃது அவற்றுள் ஒன்று.

பெண்மக்கள் தாமே செய்துகொண்ட பொருளும் உண்டு. பஞ்சாய்க் கோரையாற் செய்த பாவை அது. ஐங்குறுநூற்றின் வெள்ளாங்குருகுப் பத்தில், தான் ஈன்றது அப்புற்பாவை ஒன்றே எனத் தலைவி கூறும் பாட்டு வருகின்றது. விளையாட்டுப் பொருளே பேறின்மையைச் சொல்லும் கருவியாக நிற்கும் கொடுமையை அதில் காண்கின்றோம்.

பிள்ளை பிறந்த மனையை அணிசெய்தமைக்கும் ஒரு சான்று காட்டி மேற்செல்வேன். நற்றிணை 40ஆம் பாட்டில் காவல் அமைந்த மனையில் மணி ஒலிக்கின்றது; பந்தரின்கீழ் மணல் பரப்பியுள்ளது; பாணர் காவல் நிற்கின்றனர்; மணம் கமழும் மெல்லிய துணியணையில் செவிலியோடு புதல்வன் துயில, வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய தாய் கண்மூடிக் கிடக்கின்றாள். தலைவன் நள்ளிரவிற் கள்வனைப்போல் வருகின்றான். மணியும் மணலும் பந்தரும் அணியாகத் தோன்றினும், கடுகோடும் காவலோடும் சேர்த்து நோக்குமிடத்து அவையும் காப்பின் பகுதியே என்பது விளங்கும்.

சங்க காலத்திற்குப்பின் இவ்வாய்வுக்கு உதவும் தலைசிறந்த சான்று மதுரைச் சமவெளியின் தென்மேற்கு எல்லையில், திருவில்லிபுத்தூரில் கிடைக்கின்றது. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் பெரியாழ்வார், கண்ணனைக் குழவியாக்கிப் பாடிய தாலாட்டுப் பதிகத்தில், தேவர் ஒவ்வொருவரும் பிள்ளைக்கு அனுப்பிய பொருள்களை நிரல்படுத்துகின்றார். பிரமன் மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொற்றொட்டிலை விடுக்கின்றான். சிவபிரான் மாதுளம்பூப் போன்ற மணிகள் இடையிட்ட அரையணியை அனுப்புகின்றான். இந்திரன் கிண்கிணியோடு வருகின்றான். குபேரன் ஐம்படையும் ஆரமும் கொண்டு வந்து நிற்கின்றான். வருணன் முத்தும் பவளமும் வளையும் தருகின்றான். திருமகள் துழாய்க்கண்ணி ஒன்றை அனுப்ப, கொற்றவை மணப்பொடியும் மஞ்சளும் மையும் சிந்துரமும் கொண்டு வருகின்றாள். இஃது ஒரு சீர்வரிசைப் பட்டியலே ஆகும். இன்றும் மதுரைப் பக்கத்து வீடுகளில் தொட்டிலிடும் நாளில் உறவினர் கொண்டுவரும் பொருளை இன்னார் இன்னது எனக் கூறிச் சபையில் வைக்கும் முறையை அறிந்தார்க்கு அப்பதிகம் புதியதாய்த் தோன்றாது.

அப்பட்டியலில் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பிரமன், இந்திரன், குபேரன், வருணன் ஆகியோர் தருவன பொற்கொல்லர் கையிலிருந்தும் கடலிலிருந்தும் வந்த விலைப்பொருள்கள். திருமகளின் கண்ணியைக் குறிக்குங்கால் கைசெய்தல் என்னும் வினையை ஆழ்வார் ஆள்கின்றார். அஃதாவது, கையாற் புனைந்தது. கொற்றவை கொணர்வனவோ அரைத்தும் குழைத்தும் மனையில் ஆக்கப்படுவன. நிலமகள் தரும் பொற்சுரிகையும் சுட்டியும் இப்பகுப்பில் அடங்கா என்பதனை மறைத்தல் ஆகாது. எனினும், செல்வமே உருவான திருமகளுக்கு விலையற்ற துழாய்மாலையைத் தந்து, அதனைக் கையாற் செய்தாள் எனச் சிறப்பித்தமை தற்செயல் எனத் தோன்றவில்லை. ஆழ்வார் தாமும் மாலை தொடுக்கும் தொண்டர் அன்றோ?

இனி, காப்பு என்னும் சொல். காவல் என்னும் பொருளிலிருந்து, காவலுக்காகக் கட்டும் நூலையும், கையிலோ காலிலோ இடும் வளையத்தையும் அது குறிக்கலாயிற்று. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்புப்பருவம். பாட்டுடைக் குழவியைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது. மதுரையில் திருமலை நாயக்கர் (1623-1659) முன்னிலையில் குமரகுருபரர் அரங்கேற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் அவ்வாறே தொடங்குகின்றது. அம்மை சிறுமியாய் வந்து நாயக்கர் கழுத்து முத்துமாலையை எடுத்துப் புலவர்க்கு அணிவித்தாள் என்பது செவிவழிச் செய்தி. குழவி சீர் பெறாமல் சீர் தந்த கதை அது. பெண்பாற் பிள்ளைத்தமிழாதலின் அந்நூலில் சிறுதேர்ப் பருவம் இல்லை. அம்மானையும் நீராடலும் ஊசலும் உள. தேர் மகனுக்கே உரியதென்னும் பகுப்பு விளையாட்டுப் பொருளிலும் அத்துணை உறுதியாய் இருந்தது.

காப்போடு வளை வந்து சேர்ந்தது எப்பொழுது? நாள் குறித்தற்குச் சான்று போதாது. ஆனால் இணைப்பைக் காட்டும் மதுரைக் கதை ஒன்று உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக் கூடற்காண்டத்தில் வளையல் விற்ற படலம் உள்ளது. தாருகாவனத்து முனிவர் மனைவியர் சாபத்தால் மதுரையில் வணிகர் மகளிராய்ப் பிறக்க, சொக்கநாதர் வளையல் வணிகராய் அவர்கள் தெருவிற்கு வந்து, ஒவ்வொருத்தியின் கையையும் பற்றி வளையல் இடுகின்றார். அத்தீண்டலால் அவர்கள் கருவுற்று மக்களைப் பெறுகின்றனர். சங்கப் பாட்டில் கணவனின் அன்பளவாய் நெகிழ்ந்தும் செறிந்தும் கிடந்த வளை, இங்குக் கருவோடு சேர்ந்துவிட்டது. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரைக் கோயிலில் வளையல் விற்ற லீலை இன்றும் நடத்தப்பெறுகின்றது. ஆடிப்பூரத்தன்று அம்மன் கோயில்களில் கண்ணாடி வளை சாத்தி, அவ்வளைகளை மகளிர்க்கு வழங்குதலும் உண்டு. இக்கதையிலிருந்து சடங்கு பிறந்தது என்று யான் கூறவில்லை. சடங்கிலிருந்து கதை பிறந்திருத்தலும் கூடும். இரண்டும் ஒரே நினைவினின்று எழுந்தவை என்பது மட்டும் உறுதி.

மதுரையை அடுத்த சிற்றூர்களில் முதிய மகளிரிடம் கேட்டறிந்த ஒன்று இவ்விடத்தில் பெருந்துணை செய்கின்றது. கண்ணாடி வளையை அடுக்குமுன் வேப்பிலைக் காப்பு இடுதல் அங்கு முறை. இலையோடு கூடிய வேப்பங்கொழுந்தை வளைத்து மஞ்சள் நூலாற் சுற்றி வளையமாக்கி முதலில் இடுவர், அதன்மேல்தான் வளையல். இவ்வளையத்தைக் கடையில் வாங்குவதில்லை. பிள்ளை பெற்று நல்வாழ்வு வாழும் மூத்தவள் ஒருத்தி அங்கேயே செய்வாள். போரிற் புண்பட்டோன் மனையில் வேப்பிலை செருகி ஐயவி சிதறிக் காத்ததைப் புறநானூறு 281ஆம் பாட்டு கூறும். மாரியம்மன் விழாவிற் கட்டும் காப்பிலும் வேம்பும் மஞ்சளும் உள. ஆகவே, வளைகாப்பு என்னும் பெயரிலுள்ள காப்பு இவ்வேப்பவளையமே என்றும், கண்ணாடி அதன்மேல் வந்து சேர்ந்த வளை என்றும் கொள்ளுதல் தகும். பெயரில் வளை முன்னிற்கின்றது. கையிலோ காப்பே முதலில் ஏறுகின்றது.

பிறந்த பிள்ளைக்குக் கட்டும் வசம்பு வளையும் இத்தகையதே. வசம்பினைச் சுட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கித் துளையிட்டுக் கருமணியோடு கோப்பர். பிள்ளைவளர்த்தி என்பது வசம்பின் மற்றொரு பெயர். இரவில் அதன் பெயரைச் சொல்லாமல், பேர்சொல்லாதது எனக் குறிப்பாரும் உண்டு. செம்மரத்து மரப்பாச்சியைப் பிள்ளை கையிற் கொடுத்து விளையாடவிட்டு, அதனையே உரைத்துப் பற்றிடும் வழக்கத்தை என் பாட்டியிடம் கண்டுள்ளேன். பொம்மையும் மருந்தும் ஒரே பொருளாய் இருந்தன. பனையோலைக் கிலுகிலுப்பையும் நடைவண்டியும் திருவிழாக் கடைகளில் வாங்கப்பெற்றன. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் வேளார் குடும்பத்தார் இன்றும் மண்பொம்மை செய்கின்றனர். கொலுவே அவர்தம் பெருஞ்சந்தை.

இப்பொழுது நகரத்து மண்டபங்களில் வளைகாப்பு மேடையைப் புனைவது தனித் தொழிலாகியுள்ளது. வளையலையே தோரணமாகக் கோத்தும், சீர்த்தட்டுக்களில் சிறு தொட்டிலும் துணிப்பொம்மையும் அமைத்தும் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே செய்து விற்கின்றனர். இவற்றைப் போலியெனச் சிலர் இகழ்வர். யான் அவ்வாறு கருதவில்லை. சங்கறுப்பார் தெருவும் பொற்கொல்லர் தெருவும் இருந்த நகரில் கைத்தொழிலார் சீருக்குப் பொருள் செய்து விற்றல் பழமையானதே. கண்ணாடி வளையல்கள் பெரும்பாலும் வடநாட்டுப் பிரோசாபாத்திலிருந்து வருதலும் குறையன்று. கலித்தொகைப் புதல்வனின் பவளமும் கடல் தந்ததே. யான் சென்ற மண்டபங்களிற் சிலவற்றில் இல்லாதிருந்தது வேப்பங்கொழுந்து ஒன்றுதான். ஓரிடத்தில் அதனை வினவியபோது, மேடை புனைந்த பெண் சற்றும் தயங்காது, தன் தாய்க்கு அது தெரியும் என்றும் தனக்கு முடியத் தெரியாது என்றும் கூறினாள்.

இச்சடங்கின் முடிவுப் பகுதியையும் குறித்தல் வேண்டும். அடுக்கிய வளையலைப் பேறுகாலம்வரை கழற்றாமல் வைத்திருந்து, பிள்ளை பிறந்தபின் மருத்துவச்சிக்குக் கொடுத்துவிடுதல் பழைய முறை. நெடுஞ்செழியன் மார்புத் தாலிபோல் இதற்கும் களையும் காலம் உண்டு. இன்று பேறு மருத்துவமனையில் நிகழ்தலின், உள்ளே அழைத்துச் செல்லுமுன்னரே செவிலியர் வளையல்களைக் கழற்றச் சொல்லுகின்றனர். பெண்ணின் தாய் அவற்றை எண்ணி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே அமர்ந்திருக்கின்றாள்.